நாலு மைல்

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, பனகல் பார்க் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் மாம்பழ நிறச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த வெள்ளைத்துரை, முந்தானை முழுசாகப் பிரிவதற்குள் அதன்மேல் குப்புற விழுந்தார். வாங்க வந்திருந்த குடும்பத்தில் ஒரு அம்மாள் "ஐயோ, சேலை!" என்று கத்தியதாகப் பின்னால் கடையில் சொல்லிச் சிரித்தார்கள். முகத்தில் சோடா தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தவர் முதலில் சேலையைத்தான் தடவிப் பார்த்தார். கசங்கியிருந்தது. மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனவரை முதலாளி கையைப் பிடித்து நிறுத்தி ரிக்ஷாவில் ஏற்றி அனுப்பினார். அது எழுபத்திரண்டாம் வருஷம்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இரண்டாவது தடவையும் அடித்துப் பார்த்தார்.

"வயசு என்ன?"

"நாப்பத்தஞ்சு."

"கூடப் பொறந்தவங்க யாருக்காவது நெஞ்சு வலி, பிரஷர் உண்டா?"

வெள்ளைத்துரை அண்ணனைப் பற்றிச் சொன்னார். அவருடைய அண்ணன் விருதுநகரில் மளிகைக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு மத்தியானம் பேனா மூடியைத் திறந்த கையோடு சாய்ந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு.

"உப்பைக் கொறைங்க. எண்பத்தாறு கிலோ இருக்கீங்க, அதையும் கொறைங்க. மாத்திரை எழுதித் தரேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. நடக்கணும்."

"நாள் பூரா நின்னுக்கிட்டுதான் சார் இருக்கேன். காலையில ஒம்பதுக்கு நின்னா ராத்திரி ஒம்பதரை."

"நிக்கிறது வேற, நடக்கிறது வேற. ஒரு மாசம் நடங்க. அப்புறம் மெதுவா ஓடிப் பாருங்க."

"ஓடவா?"

"ஆமா. எதுக்குச் சிரிக்கிறீங்க?"

ராயப்பேட்டையில் பீட்டர்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், ஆறு குடித்தனம் இருந்த காம்பவுண்டில் கடைசி வீடு அவருடையது. ஒரு அறை, அதற்குப் பின்னால் புகை படிந்த சமையல்கட்டு. வாசலில் எல்லாருக்கும் பொதுவான அடிபம்பு. மகளைப் போன வைகாசியில் கோவில்பட்டிக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி சண்முகவடிவும்தான். பதினாலு வருஷமாக மெட்ராஸில் இருந்தாலும் வடிவுக்குக் கடல் பக்கத்துச் சொந்த ஊரான ஆறுமுகநேரியின் பேச்சு ஒரு சொல்கூட மாறவில்லை.

டாக்டர் சொன்னதை அவர் வந்து சொன்னதும் வடிவு, "ஓடச் சொன்னாகளா? இந்த வயசுலயா? யாரு தொரத்துதாகளாம்?" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். விருதுநகருக்கு அவளும் போயிருந்தாள்.

காலை ஐந்து மணியிலிருந்து ஏழரை வரைக்கும்தான் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவது. காபி போட்டு இரண்டு டம்ளரில் எடுத்துக்கொண்டு சமையல்கட்டு நிலைப்படியில் இருப்பார்கள். அவர் வெங்காயம் உரிப்பார், அவள் தேங்காய் துருவுவாள். மகள் எழுதிய கடிதத்தை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை படிப்பார்கள். பெரிதாகப் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது. முந்தின நாள் எந்த வாடிக்கைக்காரி எத்தனை சேலையைப் புரட்டிப்போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனாள் என்பதை அவர் சொல்வார். பம்படியில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதை அவள் சொல்வாள். அந்த நேரத்தை நடை எடுத்துக்கொண்டது.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று அவர் முதலில் கோபாலபுரத்துப் பக்கம் போனார். அங்கே தெருக்கள் அகலம். பங்களாக்களின் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே மாமரங்கள் தலை நீட்டியிருக்கும். அந்த நேரத்தில் பால் டிப்போவில் பாட்டிலுக்கு நிற்பவர்களைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு மாதம் நடந்தார். மார்கழி பிறந்த அன்று, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தார். இருநூறு அடி ஓடுவதற்குள் நெஞ்சு அடைத்தது. ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கம்பம்வரை ஓடினார்.

நாலாம் நாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளைக் குறுக்கே விட்டு நிறுத்தினார்.

"யோவ், நில்லு! இன்னாத்துக்கு ஓடுற?"

"ஒடம்புக்காக சார்."

"ஒடம்புக்கு இன்னா?"

"பிரஷர். டாக்டர் ஓடச் சொன்னாரு."

"டாக்டரு ஓடச் சொன்னாரா? நான் பாத்துக்கினே கீறேன், நீ அந்த பங்களா கேட்டாண்ட நின்ன, உள்ள எட்டிப் பாத்த, அப்பால ஓடியாந்த. மடியில இன்னா?"

மடியில் வீட்டுச் சாவிகூட இல்லை. அவர் மூச்சிரைத்துக்கொண்டே கடையின் பெயரைச் சொன்னார், முதலாளி பெயரைச் சொன்னார், பட்டுப் பிரிவு என்றும் சொன்னார். போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எம் பொண்டாட்டிக்கு அங்கதான் தீபாவளிக்கு எடுத்தேன். ரெண்டே அலசுல சாயம் பூட்ச்சுய்யா."

"பட்டா சார்?"

"போலீஸ்காரன் பட்டு எடுப்பானா? நூலுதான்."

"அப்படின்னா அது கீழ் மாடி சார்."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "போ, போ. இந்தப் பக்கம் ஓடாத. எவனாச்சும் நாய அவுத்து உட்டுடுவான். பீச்சுக்குப் போ, அங்க உன்ன மாதிரி நாலு பைத்தியங்கோ ஓடுது."

அப்படித்தான் வெள்ளைத்துரை கடற்கரைக்குப் போனார்.

அங்கே உண்மையிலேயே நாலு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மயிலாப்பூர் சுப்பராமன். கணக்காயர் ஆபீஸில் சூப்பரின்டெண்ட். ஒல்லியான, நெட்டையான, வாய் ஓயாத மனிதர். வெள்ளை அரைக்கால் சட்டையும் பனியனும் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடுவார். முதல் நாளே வெள்ளைத்துரையின் வேட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஓய், இதைக் கட்டிண்டு ஓடினா என்னிக்காவது தடுக்கி விழுந்து பல்லு போயிடும். ஒரு டவுசர் தைச்சுக்கும். கால்ல கான்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கும். அப்புறம் இன்னொண்ணு. ஓடறச்சே பேச முடியணும். பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். என்ன புரியறதா? பேசிண்டே வாரும்."

காம்பவுண்டில் மூன்றாம் வீட்டுத் தையல்காரர் ஷரஃபுதீன், ஜவுளிக்கடையில் கிடைத்த வெட்டுத்துணியில் அவருக்கு இரண்டு காக்கி டவுசர் தைத்துக் கொடுத்தார். டவுசரோடு அவர் முதன்முதலாக வெளியே வந்த காலையில் பம்படியில் குடங்களோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வடிவு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து நாலரை மணிக்கே எழுந்து, அவர் கிளம்புவதற்கு முன் குடிக்கக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி மோர் விட்டு ஆற்றி வைத்தாள்.

லாயிட்ஸ் ரோடு வழியாக ஐஸ்ஹவுஸ், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் காந்தி சிலை, திரும்பி எட்வர்ட் எலியட்ஸ் ரோடு வழியாக ராயப்பேட்டை. நாலு மைல் என்று சுப்பராமன் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆறு மாதத்தில் வெள்ளைத்துரை நாலு மைலையும் நிற்காமல் ஓடினார். பன்னிரண்டு கிலோ குறைந்தது. பிரஷரைப் பார்த்த டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். கடையில் ஏணி ஏறி மேல் தட்டுச் சேலையை எடுக்க ஆள் கூப்பிடாமல் தானே ஏறினார். இவையெல்லாம் அவருக்கு யாரோ கொடுத்த இனாம் மாதிரி இருந்தன. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது.

சாப்பாடு மாறியது. வடிவு வைக்கும் தேங்காயெண்ணெய்க் குழம்பை அவள் விடும் முன்பே அவர் தட்டைக் கையால் மறைத்தார். ராத்திரி பத்து மணிக்கு வந்து இரண்டு கோதுமைத் தோசையும் உப்பில்லாத பூசணிக்காய்க் கூட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஒரு தை மாதம் அவள் ஆசையாகக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. வாயில போடுங்க."

"என்னயக் கொல்லப் பாக்கியாட்டி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தட்டை நகர்த்திவிட்டார். மீதியை வடிவு, மூன்றாம் வீட்டில் ஷரஃபுதீனின் மனைவி நஸ்ருன்னிசாவுக்குக் கொடுத்தனுப்பினாள். கொஞ்சத்தைத் தானே தின்றாள். அதற்குப் பிறகு அவர் இல்லாத நேரத்தில் தனக்கென்று எதையாவது சுட்டுத் தின்னும் வழக்கம் அவளுக்கு வந்தது. பகல் நீளமாக இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் காம்பவுண்டே அடங்கிவிடும். ஷரஃபுதீனின் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் நின்றுவிட்டால் ரோட்டில் போகும் பஸ்ஸின் சத்தம். வடிவு வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது உள்ளே எட்டிப் பார்த்து ஏதாவது கேட்பார்களா என்று இருப்பாள்.

எழுபத்து நாலு ஆவணி வாக்கில் அவளும் இளைக்கத் தொடங்கினாள். ரவிக்கைகள் தொளதொளத்தன. வெள்ளைத்துரை ஒருநாள் கவனித்தார்.

"வடிவு, நீயும் எளைச்சிட்டியே! பாத்தியா, நம்ம சாப்பாடு உனக்கும் ஒத்துக்கிட்டுது."

"ஆமா," என்றாள் அவள். அவர் தன்னைப் பார்த்துச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து கொல்லைக்குப் போவதையும், ஒரு குடம் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொள்வதையும் சொல்லலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவர் நாடி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

மார்கழியில் ஒரு விடியற்காலை அடுப்பிலிருந்து இறக்கும்போது கஞ்சிப் பாத்திரம் நழுவி இடது பாதத்தில் கொட்டியது. அவள் பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். சுடவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேறு கஞ்சி வைத்தாள். இரண்டு நாளில் கொப்புளம் வந்தது, உடைந்தது. மருந்துக்கடைக் களிம்பைத் தடவித் துணியைச் சுற்றினாள். நஸ்ருன்னிசா பம்படியில் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, காலு இப்டி வீங்கிக்கினு கீது? அண்ணனாண்ட சொன்னியா?"

"வலியே இல்லம்மா. ஆறிரும்."

"வலி இல்லேன்னா நல்லதாக்கா அது? டாக்டராண்ட காட்டு. நான் கூட வரேன்."

"பொங்கல் கழியட்டும். அவுகளுக்குப் பந்தயம் இருக்கு."

பந்தயம் என்பது பொங்கலுக்கு மறுநாள் கடற்கரையில் ஒரு சங்கம் நடத்திய நாலு மைல் ஓட்டம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பரிசு உண்டு. சுப்பராமன்தான் பெயர் கொடுத்திருந்தார். வெள்ளைத்துரை மூன்று வாரமாக வேறு நினைப்பு இல்லாமல் இருந்தார். முந்தின நாள் வடிவிடம், "நீயும் வாயேன். எல்லாரும் வீட்டாளுகளக் கூட்டிட்டு வாராக," என்றார்.

"காலு ஒரு மாதிரி இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

"சரி," என்றார். கால் என்ன மாதிரி இருக்கிறது என்று கேட்கவில்லை. பின்னால் பல வருஷம் அவர் தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

பந்தயத்தில் இருபத்தாறு பேர் ஓடினார்கள். வெள்ளைத்துரை மூன்றாவதாக வந்தார். கடைசி இருநூறு கஜத்தில் சுப்பராமனைத் தாண்டினார். ஒரு எவர்சில்வர் தூக்குப் பாத்திரம் பரிசு கொடுத்தார்கள். நண்பர்கள் தோளைத் தட்டினார்கள். இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தார். வரும் வழியெல்லாம் தூக்கின் மூடியில் வெயில் பட்டு மின்னியது.

வீட்டு வாசலில் நஸ்ருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வடிவு பாயில் கிடந்தாள். உடம்பு கொதித்தது. அறையில் ஒரு நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் இன்றைக்கு வந்ததல்ல என்பது அவருக்கு ஒரே நொடியில் தெரிந்தது. சமையல்கட்டு அழுகல் காய்கறி என்று நினைத்து, நாலைந்து நாளாக அதைத் தாண்டித்தான் அவர் ஓடப் போயிருந்தார்.

"ஏட்டி, வடிவு! என்னட்டி செய்யுது?"

"வந்துட்டியளா," என்றாள். "செயிச்சியளா?"

ஆஸ்பத்திரியில் சோதனைக் குழாயில் அவள் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார்கள். செங்கல் நிறத்துக்கு மாறியது. இளம் டாக்டர் ஒருவர் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார்.

"எத்தனை நாளா இந்தப் புண்ணு?"

"முப்பது நாளு இருக்கும்யா."

"எப்படி ஆச்சு?"

"கஞ்சி கொட்டிருச்சு."

"கொதிக்கிற கஞ்சியா? அப்பவே வந்திருக்கக் கூடாதாம்மா?"

"சுடலய்யா. சுட்டிருந்தா வந்திருப்பேன்."

டாக்டர் வெள்ளைத்துரையைத் திரும்பிப் பார்த்தார். "சர்க்கரை ஒரு வருஷத்துக்கு மேலயே இருந்திருக்கணும் சார். காலுக்கு உணர்ச்சியே இல்ல. தண்ணி தாகம், எடை குறையறது, இதெல்லாம் நீங்க கவனிக்கலியா?"

வெள்ளைத்துரை டவுசரோடு நின்றுகொண்டிருந்தார். எவர்சில்வர் தூக்கு இன்னும் கையில் இருந்தது.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதத்தின் முன்பாதியையும் எடுத்தார்கள். கோவில்பட்டியிலிருந்து மகள் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, மாமியார் கடிதம் போட்டதும் அழுதுகொண்டே போனாள்.

வடிவு கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பழகினாள். வெள்ளைத்துரை ஊசி போடப் பழகினார். கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் கொதிக்க வைத்து, மருந்தை அளவு பார்த்து இழுத்து, தொடையில் குத்த வேண்டும். குளிர்பெட்டி ஏது? மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குள் இறக்கி வைத்தார்கள். முதல் நாள் அவர் ஊசியைத் தொடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். "சும்மா குத்துங்க, எனக்கு வலிக்காது," என்றாள். அதைக் கேட்டதும் அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

அவர் ஓடவில்லை. கான்வாஸ் ஷூ கட்டிலுக்கு அடியில் கிடந்தது. காலையில் எழுந்து தண்ணீர் அடித்து நிரப்பினார், சோறு பொங்கினார், புண்ணைக் கழுவிக் கட்டினார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருந்தார்கள். ஆனால் பேச்சு வரவில்லை. "தண்ணி வேணுமா?" "வேண்டாம்." "சாயங்காலம் நஸ்ருன்னிசா வருவாளா?" "வருவா." அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பங்குனி போய், சித்திரை போய், கத்திரி வெயிலும் முடிந்தது.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்பராமன் ஆப்பிள் நாலு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாங்கிய பிறகுதான் சர்க்கரைக்காரிக்கு ஆகுமா என்று யோசனை வந்ததாகச் சொல்லி வருத்தப்பட்டார். முக்காலியில் உட்கார்ந்ததுமே பேசத் தொடங்கிவிட்டார்.

"மாமி, நீங்க சீக்கிரம் தேறி இவரை எங்களண்ட அனுப்பிச்சு வைக்கணும். இவர் இல்லாம பீச்சே அழுது வடியறது. அந்த போலீஸ்காரன் கதையைச் சொல்லுவாரே, சாயம் போன புடவை! நூறு தரம் கேட்டாச்சு. ஒவ்வொரு தரமும் வயிறு வலிக்கச் சிரிப்போம். இவர் புடவை விரிக்கற மாதிரி துண்டை விரிச்சு, எங்களையெல்லாம் கஸ்டமர் மாமியா ஆக்கிடுவார். 'இது வேண்டாம், அந்தக் கடைசியில இருக்கறதை எடுங்கோ'ன்னு அந்த மாமி குரல்லயே... ஓய், ஒருதரம் பண்ணிக் காட்டும்!"

வெள்ளைத்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் போலீஸ்காரரு?" என்று வடிவு கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா? கோபாலபுரத்துல திருடன்னு பிடிச்சுண்டானே!"

"தெரியாது," என்றாள் வடிவு.

சுப்பராமனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆபீஸ் வேலை, அரிசி விலை என்று இரண்டு நிமிஷம் பேசிவிட்டு எழுந்துகொண்டார். வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வெள்ளைத்துரை திரும்பி வந்தபோது வடிவு சுவரில் சாய்ந்து அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும்னு எனக்குத் தெரியாது."

அவர் முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

"ரெண்டு வருசம். நீங்க போனதுக்கு அப்புறம் அந்த நெலப்படியில ஒத்தையில ஒக்காந்து காப்பி குடிப்பேன். ரெண்டாவது டம்ளர எடுத்து வச்சிட்டு, அப்புறம் ஞாவகம் வந்து உள்ள வைப்பேன். நீங்க வந்ததும் ஏதாவது சொல்லுவியன்னு பாப்பேன். நாடிய எண்ணுவிய. குளிப்பிய. கடைக்குப் போயிருவிய. சரி, ஒடம்பு நல்லா இருந்தாப் போதும்னு இருந்துட்டேன். எங்கிட்டச் சொல்லதுக்கு ஒங்களுக்கு ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சேன். இருந்திருக்கு. அங்கன சொல்லியிருக்கிய."

"வடிவு, நான்..."

"காலு போனதுக்கு நான் ஒங்களச் சொல்லல. அது எஞ் சீக்கு. நானும் மறைச்சேன். இதத்தான் சொல்லுதேன்."

வெளியே யாரோ பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூவைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"இனிமே நான் போவல," என்றார்.

"எதுக்கு? போங்க. பிரஷர் திரும்ப ஏறி, கடையில சேல மேல விழுந்து, எனக்கு ஊசி யாரு போடுவா? போங்க. ஆனா ஒரு நா என்னையும் கூட்டிட்டுப் போங்க. இந்த ஊருக்கு வந்து அந்தக் கடலை ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். நீங்க எங்கன ஓடுதியன்னு பாக்கணும்."

அடுத்த ஞாயிறு விடியற்காலை சைக்கிள் ரிக்ஷாக்காரர் இனாயத்தைப் பேசி வரச்சொன்னார். இனாயத் வடிவின் கட்டையை வாங்கிச் சட்டத்தில் கட்டினார். "மெதுவா ஏறும்மா. நைனா, நீ இன்னா, வண்டி பின்னாடியே ஓடி வரப்போறியா?" என்று சிரித்தார். வெள்ளைத்துரை ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். லாயிட்ஸ் ரோட்டில் மரங்களுக்கு அடியில் இன்னும் இருட்டு இருந்தது. அவள் எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இது என்ன பள்ளிக்கூடம்?" "இந்த வீட்டுல யாரு இருக்கா?" அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை நூறு தடவை அந்த வழியாக ஓடியிருந்தாலும் முன்னால் பத்தடி ரோட்டைத் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு கல் பெஞ்சில் அவளை உட்கார வைத்தார். சுப்பராமனும் மற்றவர்களும் வணக்கம் சொல்லிவிட்டு, இன்றைக்கு அவரைத் தனியாக ஓட விடுவது என்று பேசிக்கொண்டவர்கள்போல் முன்னால் போய்விட்டார்கள். அவர் ஷூவைக் கட்டிக்கொண்டு வடக்கே ஓடினார். ஆறு மாத இடைவெளி. நூறு கஜத்திலேயே மூச்சு திணறியது. பேச முடியாது, பேச ஆளும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் முதுகு கூசியது. கண்ணகி சிலை வரை போகாமல் பாதியிலேயே திரும்பினார். பெஞ்சு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கிட்டத்தில் வந்தபோது அதில் யாரும் இல்லை.

அவர் கத்தினார். "வடிவு!"

"இங்கனதான் இருக்கேன்."

பெஞ்சுக்குப் பின்னால், மணலில், ஒரு கூடைக்காரிக்கு எதிரே அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூடை நிறைய மீன். கட்டுமரத்திலிருந்து இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழியில் அந்தப் பெண்ணை வடிவு கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள்.

"இதுக்கு இங்கன என்ன பேரு?"

"கவல."

"பேரப் பாரு. எங்கூர்ல சாளைன்னு சொல்லுவாக. செவுளக் காட்டு."

"இன்னாம்மா நீ, செவுளெல்லாம் ரத்தமா கீது பாரு, இப்பத்தான் கரைக்கு வந்துச்சு. இத்தப் போய் சந்தேகப்படுறியே!"

"சந்தேகமில்லத்தா. பாத்து ரொம்ப நாளாச்சு." வடிவு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். முகத்தில் உப்புக்காற்று பட்டுப் பளபளத்தது. "இம்புட்டுக் கிட்டக்க இந்த மீனு கெடைக்கு. நெதமும் இது வழியா ஓடி ஓடி, ரெண்டு வருசமா வெறுங்கைய வீசிக்கிட்டுத்தான வந்திருக்கிய."

கூடைக்காரி அவர் டவுசரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கு மூச்சு இன்னும் ஆறவில்லை. பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார். சூரியன் எப்போதோ வந்துவிட்டிருந்தது.

அன்றைக்குப் பம்படியில் உட்கார்ந்து அவர்தான் மீனை உரசினார். "அந்தப் பக்கம் செதிலு போவல. திருப்பிப் போட்டு உரசுங்க," என்று வடிவு நிலைப்படியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பு கொதிக்கும்போது, "நாளைக்குப் போறப்ப பை எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

"நீ வரலியா?"

"அம்புட்டுத் தூரம் தெனமுமா வர முடியும்? நான் இங்கன இருக்கேன்."

மறுநாள் அவர் மஞ்சள் பையை நாலாக மடித்து டவுசருக்குள் செருகிக்கொண்டு ஓடினார். காற்று பலமாக இருந்தது. மணலில் கட்டுமரங்கள் இழுத்துப் போட்டபடி கிடந்தன. கூடைக்காரிகள் ஒருவரையும் காணோம். திரும்பி வந்தபோது வடிவு கட்டையை ஊன்றிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். வெறும் பையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளைத்துரை மணிக்கட்டைத் தொடவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்குக் கடலு பெருசா இருந்துச்சு வடிவு. ஒரு கட்டுமரமும் உள்ள போகல. ஒரு வயசாளி மட்டும் கரையில நின்னு காத்தத் திட்டிக்கிட்டே இருந்தாரு."

அவள் கரண்டியை வைத்தாள். திரும்பாமலே, "அப்புறம்?" என்றாள்.